திவவும் பிரடையும்



வீணையைப் பற்றிப் பேசுவோர் அதன் குடத்தின் வளைவையும், யாளி முகத்தின் வேலைப்பாட்டையும், வாசிப்பவரின் விரல் திறனையும் புகழ்வர். தந்தியை முறுக்கி நிறுத்தும் சிறு மரக்கட்டையை ஏறிட்டுப் பார்ப்பவர் மிகச் சிலர். பிரடை என்பது அதன் பெயர். முறுக்காணி என்றும் வழங்குவர். கச்சேரி நடுவே அக்கட்டை மயிரிழை நழுவினாலும் சுருதி கெடும். சுருதி கெட்டபின் குடத்தின் அழகும் விரலின் திறனும் என் செய்யும்? இச்சிறு பொருளுக்கு ஒரு வரலாறு உண்டு. அதனைச் சுருக்கமாக எடுத்துரைக்க விரும்புகிறேன்.

நரம்போ தந்தியோ பூட்டிய எந்தக் கருவிக்கும் அடிப்படையான தேவை ஒன்று: நரம்பை வேண்டிய அளவு இறுக்க வேண்டும், இறுக்கிய நிலையிலேயே அது நிற்க வேண்டும். இறுக்கம் மிகுந்தால் ஒலி உயரும், தளர்ந்தால் தாழும். ஒரே நீளமும் கனமும் உள்ள தந்தியில் ஒலி ஒரு தானம் உயர வேண்டுமானால், இழுவிசை நான்கு மடங்காக வேண்டும் என்பது பௌதிக நூல் கூறும் கணக்கு. இத்துணை விசையைத் தாங்கி அசையாது நிற்பதே பிரடையின் தொழில்.

பண்டைத் தமிழர் இதனை எவ்வாறு செய்தனர்? விடை காண, நம் அரியலூரை நினைத்துக் கொள்வது பொருத்தமாகும். 1855ஆம் ஆண்டு பிறந்த உ. வே. சாமிநாதையர் தம் இளமையில் அரியலூரில் தங்கி, சடகோபையங்கார் என்னும் ஆசிரியரிடம் தமிழ் பயின்றவர். அவருடைய தந்தையார் வேங்கடசுப்பையர், உடையார்பாளையம் சமஸ்தானத்து வித்துவானாக விளங்கிய கனம் கிருஷ்ணையரிடம் இசை கற்றவர். தமிழும் இசையும் ஒருங்கே பயின்ற அக்குடும்பத்துப் பிள்ளையே பின்னாளில் ஏடுகளைத் தேடி, 1887இல் சீவக சிந்தாமணியையும், 1889இல் பத்துப்பாட்டையும், 1892இல் சிலப்பதிகாரத்தையும் அச்சில் ஏற்றினார். யாழின் உறுப்புகளைப் பற்றி நாம் அறிவன பலவும் இந்நூல்களாலும் இவற்றின் உரைகளாலும் கிடைத்தனவே.

யாழுக்குப் பத்தர் என்னும் குடமும், அதன்மேல் தோற்போர்வையும், வளைந்த கோடும் உண்டு. நரம்பின் ஒரு தலையைக் கோட்டோடு பிணித்த வார்க்கட்டே திவவு. முடத்தாமக் கண்ணியார் பொருநராற்றுப்படையில் அதனைப் பெண்ணொருத்தியின் முன்கையில் அடுக்கிய வளைகளுக்கு ஒப்பிடுகிறார். கடியலூர் உருத்திரங்கண்ணனார் பெரும்பாணாற்றுப்படையில், திவவு தளர்ந்தும் இறுகியும் நிற்பதைக் குறித்துள்ளார். தளர்த்தலும் இறுக்குதலும் சுருதி சேர்க்கும் செயல்கள் அல்லவா? ஆகவே இக்காலப் பிரடையின் வேலையை அக்காலத்தில் வார்க்கட்டு செய்தது எனலாம். ஆணியும் யாழில் இருந்தது. நண்டின் கண் போன்ற அந்த ஆணிகள் பத்தரின் துளைகளை மூடுவதற்குப் பயன்பட்டன. நரம்பை முறுக்கும் தொழில் அவற்றுக்கு இல்லை.

இவ்வமைப்பு முற்றிலும் மறைந்துவிடவில்லை. பர்மிய நாட்டில் இன்றும் வழங்கும் சவுங் என்னும் வில்யாழில், நரம்புகளைச் சிவந்த கயிறுகளால் வளைந்த கோட்டில் கட்டி, அக்கயிற்றைத் திருகிச் சுருதி கூட்டுவது மரபு. பிற்காலத்துச் சவுங்குகள் சிலவற்றில் முறுக்காணியும் ஏறிவிட்டது.

நம் நாட்டு யாழ் ஏன் மறைந்தது? காரணம் ஒன்றன்று. யாழில் ஒரு நரம்புக்கு ஒரு சுரமே உண்டு. பேரியாழுக்கு 21 நரம்பு, செங்கோட்டியாழுக்கு 7 நரம்பு என்பர் உரையாசிரியர். பண் மாறும்போது நரம்புகளை மீண்டும் இசைகூட்ட வேண்டும். அத்தனை வார்க்கட்டுகளையும் திருத்துவது எளிய செயலன்று. திருஞானசம்பந்தர் அருளிய யாழ்முரிப் பதிகத்தை யாழில் அடக்க இயலாமல், திருநீலகண்ட யாழ்ப்பாணர் தம் கருவியையே உடைக்க முற்பட்டார் எனப் பெரிய புராணம் கூறும். அச்சம்பந்தர் பாடிய தலங்களுள் ஒன்று நம் கீழப்பழுவூர் என்பதையும் நினைவிற் கொள்க. குரலின் நெளிவு சுளிவுகளுக்கு யாழ் ஈடுகொடுக்க இயலாத நிலையை இக்கதை நமக்கு உணர்த்துகிறது.

வீணையோ ஒரே தந்தியில் பல சுரங்களைத் தருவது. 17ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் தஞ்சையை ஆண்ட இரகுநாத நாயக்கர் காலத்தில், 24 மெட்டுகள் அசையாது பதித்த வீணை உருப்பெற்றது என்பர். வாசிக்கும் தந்தி நான்கு, தாளத் தந்தி மூன்று; ஆக ஏழு தந்திக்கு ஏழு பிரடை. அவற்றால் பெருமளவு சுருதி சேர்த்தபின், குடத்தின் பக்கம் உள்ள லங்கர் வளையங்களை நகர்த்தி நுட்பமாகச் சரிசெய்வர்.

இனி, பிரடையின் சூட்சுமத்தைக் காண்போம். அது ஒரு பக்கம் பருத்து மறுபக்கம் சிறுத்த கட்டை. அது நுழையும் துளையும் அவ்வாறே சரிந்திருக்கும். திருகும்போது சிறிது உள்நோக்கி அழுத்தினால் ஆப்புப் போல் பிடித்துக்கொள்ளும். வயலின் முறுக்காணியில் 30 பங்கு நீளத்துக்கு ஒரு பங்கு குறுகும் அளவே சரிவு. சரிவு மிகுந்தால் ஆணி பின்வாங்கித் தெறிக்கும். குறைந்தால் இறுகித் திரும்பாது.

புதிய பிரடை தேர்வோர் மரத்தின் ரேகை நீளவாக்கில் நேராக ஓடுகிறதா என்று முதலில் நோக்க வேண்டும். குறுக்கு ரேகையுள்ள கட்டை திருகும்போது முறியும். உறுதியான, நன்றாகக் காய்ந்த மரமாக இருத்தல் வேண்டும். பச்சை மரம் பின்னர்ச் சுருங்கும். பழந்துளை தேய்ந்து அகன்றிருக்குமாதலின், பழைய பிரடையினும் சற்றுப் பருத்ததை எடுத்து, சிறிது சிறிதாகச் சீவிப் பொருத்துவர். துளையில் இட்டுத் திருகி வெளியே எடுத்தால், உராய்ந்த இடம் பளபளக்கும். அப்பளபளப்பு சுற்றிலும் ஒரே சீராகத் தோன்றும் வரை பொறுமை வேண்டும். மழைக்காலத்தில் மரம் ஊதிப் பிரடை இறுகும். அப்போது உலர்ந்த சோப்பைச் சிறிது தடவுவர். கோடையில் சுருங்கி நழுவும். அப்போது சாக்குத் தூள் உதவும்.

நான் தலைமையாசிரியராகப் பணியாற்றிய பள்ளி ஒன்றில், அன்பர் ஒருவர் அளித்த வீணை ஒரே ஒரு பிரடை முறிந்தமையால் ஆண்டுக்கணக்கில் உறையில் கிடந்தது. பழுது பார்க்க வந்தவர் நேர்க்கட்டை ஒன்றைச் செதுக்கி, வச்சிரப் பசையிட்டு அடித்து இறக்கினார். கட்டை அசையவில்லை, ஆதலால் சுருதியும் சேரவில்லை. பின்னர்த் தொழில் தெரிந்த முதியவர் ஒருவர் அதனைப் பெயர்த்து, இரண்டு நாழிகையில் முறையான பிரடையைப் பொருத்தினார். அன்று மாலை நம் பிள்ளைகள் முதன்முறையாக அவ்வீணையின் ஒலியைக் கேட்டனர். நிற்கவும் வேண்டும், திரும்பவும் வேண்டும் என்னும் இரண்டையும் ஒரு கட்டையில் அமைப்பதே கைவினை என்பதை அவர்கள் அன்று உணர்ந்தனர்.

இதே சிக்கலை உலகின் மறுகோடியிலும் காணலாம். 1879ஆம் ஆண்டு, போர்ச்சுகீசியரின் மதீராத் தீவிலிருந்து ரேவன்ஸ்கிராக் என்னும் கப்பலில் ஹவாய்த் தீவுகளுக்குக் குடியேறிய மக்களுள் மூன்று தச்சர்கள் இருந்தனர். தங்கள் நாட்டுச் சிறு கித்தாரை ஒட்டி அங்கே அவர்கள் செய்த நான்கு தந்திக் கருவியே யுகுலேலே ஆயிற்று. அதற்கும் தொடக்கத்தில் மர முறுக்காணிகளே. பிற்காலத்தில் திருகு வைத்த ஆணியும், பற்சக்கரம் பூட்டிய ஆணியும் வந்தன. பற்சக்கர ஆணியில் விரல் ஏறத்தாழ 14 முறை திருப்பினால் தந்தி சுற்றும் தண்டு ஒரு முறை திரும்பும். ஆதலால் நழுவும் அச்சம் குறைவு. நம் நாட்டிலும் பயணத்துக்கேற்பச் செய்யும் வீணைகளில் இது ஏறியுள்ளது.

பற்சக்கரம் எளிமை தருவது. அதனை வெறுக்க வேண்டியதில்லை. கருவி வாழ வேண்டுமானால் அதன் உறுப்பும் காலத்தோடு மாறியே தீரும். ஆயினும் மர வேலையின் அறிவை இழந்துவிட்டால், வீடுகளில் உள்ள பழைய வீணைகளைப் பேச வைப்பவர் யார்? விபுலாநந்த அடிகள் நெடுங்காலம் ஆராய்ந்து 1947இல் யாழ் நூலை வெளியிட்டார். அவ்வளவு உழைப்பு ஏன் வேண்டியதாயிற்று? யாழ் செய்யும் கை மறைந்து, சொல் மட்டும் ஏட்டில் எஞ்சியதால் அன்றோ? திவவு என்னும் சொல் நம்மிடம் உண்டு. திவவு கட்டத் தெரிந்தவர் இல்லை.

கங்கைகொண்ட சோழபுரத்துக் கோயிலில் இராசேந்திர சோழன் காலத்துச் சிற்பி வடித்த ஞான சரசுவதியைக் கண்டிருப்பீர்கள். அவள் கையில் ஏடு உண்டு, வீணை இல்லை. ஏட்டறிவு நமக்குக் கிடைத்துவிட்டது. கையறிவையும் தேடிக்கொள்ளுதல் நம் கடன். பெரம்பலூர், அரியலூர் மாணவர்களாகிய உங்களுக்குத் தஞ்சை தொலைவன்று. விடுமுறை நாளொன்றில் அங்கே வீணை செய்யும் பட்டறை ஒன்றுக்குச் சென்று, பிரடை இழைப்பவர் அருகே சற்று நேரம் அமர்ந்து பாருங்கள். அவர் கூறும் சொற்களைக் குறித்துக்கொள்ளுங்கள். அவர் இசைந்தால் ஒரு கட்டையை நீங்களே சீவிப் பாருங்கள்.