பள்ளித் தையல் வகுப்பின் வரலாறு

பள்ளிகளில் மாணவர்களுக்கு ஊசி நூல் கொண்டு எளிய துணி வேலைகளைக் கற்பிக்கும் பாடம் தையல் வகுப்பு எனப்படுகிறது. கைக்குட்டை ஓரம் மடித்தல், பொத்தான் வைத்தல், காஜா எடுத்தல், கிழிசலுக்கு ஒட்டுப் போடுதல், துணிப்பை தைத்தல் ஆகியவை இதன் அடிப்படைப் பயிற்சிகள். சிறிய பாடமாகத் தோன்றினாலும், பெண்கல்வி, கூலி, உடை உரிமை ஆகிய மூன்றோடும் தொடர்புடைய வரலாறு இதற்கு உண்டு.

இங்கிலாந்தில் தொடக்கம்

வீட்டில் தாயிடம் பெண் கற்றுக்கொண்ட தையல், 19-ஆம் நூற்றாண்டில் பள்ளிப் பாடமாயிற்று. இங்கிலாந்தில் 1862-ஆம் ஆண்டின் திருத்தப்பட்ட கல்வி விதிகள், அரசு மானியம் பெறும் பள்ளிகளில் பெண் பிள்ளைகளுக்குத் தையலைக் கட்டாயமாக்கின. அங்கே கற்பிக்கப்பட்டது பூவேலை அன்று. சட்டை, உள்ளாடை, படுக்கை விரிப்பு தைக்கவும் கிழிந்ததைச் சீர்செய்யவும் உதவும் சாதாரணத் தையலே. பழகுவதற்கென ஒரு மாதிரித் துணி கொடுக்கப்படும். ஓட்டுத் தையல், பின் தையல், ஓரத் தையல், காஜா, ஒட்டு எல்லாம் அதில் வரிசையாக இடம்பெறும். பிற்காலத்தில் நம் ஊர்ப் பள்ளிகளிலும் பயிற்சி நிலையங்களிலும் தையல் மாதிரிகளை ஒட்டி வைத்த பதிவேடு இந்த முறையின் தொடர்ச்சியே.

நாகர்கோவிலும் இடையன்குடியும்

தமிழ் நிலத்தில் தையல் வகுப்பு இங்கிலாந்தின் அந்த விதிக்கு 40 ஆண்டுகள் முந்தியது. இலண்டன் மிஷனைச் சேர்ந்த சார்லஸ் மால்ட்டும் அவர் மனைவி மார்த்தா மால்ட்டும் 1819-இல் நாகர்கோவிலுக்கு வந்தனர். அப்போது அப்பகுதி திருவிதாங்கூர் அரசின் கீழ் இருந்தது. மார்த்தா பெண் பிள்ளைகளுக்கு விடுதியுடன் கூடிய பள்ளியை நடத்தினார். எழுத்தும் வாசிப்பும் தையலும் ஒன்றாகக் கற்பிக்கப்பட்ட அப்பள்ளியில், 1820-களில் லேஸ் பின்னும் தொழிலும் தொடங்கியது. திண்டு போன்ற சிறு தலையணையில் குண்டூசிகளைக் குத்தி, நூல் சுற்றிய சிறு கட்டைகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பின்னும் வேலை அது.

இந்த லேஸ் ஐரோப்பியர்களிடம் விற்கப்பட்டது. வருமானத்தில் ஒரு பகுதி பள்ளிச் செலவுக்கும் ஒரு பகுதி பின்னியவர்களுக்கும் சென்றது. திருவிதாங்கூரில் அடிமைமுறை 1855 வரை சட்டப்படி நீடித்தது. லேஸ் பின்னிக் கிடைத்த பணத்தைக் கொண்டு சில பெண்கள் தங்கள் விடுதலையை விலைகொடுத்து வாங்கினார்கள் என்று மிஷன் பதிவுகள் குறிப்பிடுகின்றன. ஒரு வகுப்பறைக் கைவேலைக்கு இதைவிடப் பெரிய பயன் சொல்வது கடினம்.

மால்ட் தம்பதியரின் மகள் எலைசா நாகர்கோவிலில் வளர்ந்தவர். தமிழை நன்கு அறிந்தவர். 1844-இல் அவர் இராபர்ட் கால்டுவெல்லை மணந்து திருநெல்வேலிச் சீமையின் இடையன்குடிக்குச் சென்றார். அங்கும் பெண்கள் பள்ளியை நடத்தி, லேஸ் வேலையைக் கற்பித்தார். தேரிமணல் சூழ்ந்த ஊரில் பெண்கள் கையில் காசு புழங்க அத்தொழில் வழிசெய்தது.

ஒரு சட்டையின் போராட்டம்

அதே காலத்தில் தென் திருவிதாங்கூரில் நாடார் உள்ளிட்ட பல சமூகப் பெண்களுக்கு மார்பை மூடும் உரிமை மறுக்கப்பட்டிருந்தது. 1814-இல் கர்னல் மன்றோவின் ஆணை, கிறித்தவப் பெண்கள் குப்பாயம் என்னும் மேல்சட்டை அணிய இசைந்தது. மிஷனரிகளின் மனைவியர் எளிய, தளர்வான சட்டை ஒன்றை வடிவமைத்தனர். ஆனால் பெண்கள் விரும்பியது உயர்சாதிப் பெண்களைப் போல் தோள்சீலை அணிவதை. 1829-இன் அரசாணை சட்டையை அனுமதித்தது, தோள்சீலையைத் தடுத்தது. தெருவிலும் சந்தையிலும் பெண்களின் மேலாடை கிழிக்கப்பட்டது. பல கலவரங்களுக்குப் பின், 1859 ஜூலை 26-ஆம் நாள் அறிவிப்பு மேலாடை அணியும் உரிமையை ஏற்றது. அப்போதும் உயர்சாதியினரின் முறையில் அணியக் கூடாது என்ற கட்டுப்பாடு இருந்தது. அந்த ஊர்ப் பெண்ணுக்குச் சட்டை என்பது வெறும் துணியாக இருக்கவில்லை என்பதை மாணவர்கள் நினைவில் கொள்ள வேண்டும்.

இயந்திரமும் வேலைவாய்ப்பும்

எலியாஸ் ஹோவ் 1846-இலும் ஐசக் சிங்கர் 1851-இலும் தையல் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றனர். 1930-களில் கொல்கத்தாவில் உஷா இயந்திரங்களின் உற்பத்தி தொடங்கியபின், காலால் மிதிக்கும் இயந்திரம் நடுத்தரக் குடும்பங்களுக்கும் எட்டியது. பள்ளியில் கைத்தையல் பழகியவர்கள் இயந்திரத் தையலைக் கற்று வீட்டிலிருந்தே சம்பாதித்தனர். கைம்பெண்கள், கணவரால் கைவிடப்பட்டவர்கள், மாற்றுத்திறனாளிகள் போன்றோருக்குச் சத்தியவாணி முத்து அம்மையார் நினைவுத் திட்டத்தின் கீழ் தமிழ்நாடு அரசு இலவசத் தையல் இயந்திரம் வழங்குகிறது.

கைத்தொழில் கல்வி

1937 அக்டோபரில் வார்தாவில் கூடிய மாநாட்டில் காந்தியடிகள் கைத்தொழிலை மையமாகக் கொண்ட ஆதாரக் கல்வியை முன்வைத்தார். அதில் நூற்பு முதலிடம் பெற்றது. கைவேலை வழியாகவே கணக்கும் மொழியும் கற்க வேண்டும் என்பது அதன் கருத்து. பின்னர் கோத்தாரி ஆணையம் (1964–66) பணி அனுபவத்தை வலியுறுத்தியது. 1977-இல் ஈசுவர்பாய் பட்டேல் குழு, சமூகப் பயனுள்ள ஆக்கப்பணி என்ற பாடத்தைப் பரிந்துரைத்தது. தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் 2012-இல் ஓவியம், உடற்கல்வி, தையல் முதலியவற்றுக்கு 16,549 பகுதிநேர ஆசிரியர்கள் நியமிக்கப்பட்டனர்.

ஆயினும் ஒரு குறை நீடித்தது. கடைவீதித் தையல்காரர்களில் பெரும்பாலோர் ஆண்கள். வகுப்பறையிலோ தையல் பெண் பிள்ளைகளுக்கென்றே ஒதுக்கப்பட்டது. அறுந்த பொத்தானைத் தைக்கத் தெரியாமல் ஒரு பையன் பள்ளியை விட்டு வெளியேறுவது கல்வியின் குறைபாடே. ஜப்பானில் 1947 முதல் தொடக்கப் பள்ளியின் 5, 6-ஆம் வகுப்புகளில் மனையியல் பாடம் இருபாலருக்கும் பொதுவாக உள்ளது.

இன்றைய வகுப்பறைக்கு ஒரு வேலை

2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தும் நெகிழிப் பைகளுக்குத் தடை உள்ளது. 2021 டிசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கம் தொடங்கியது. ஆகவே துணிப்பையே பொருத்தமான முதல் வேலை.

45 செ.மீ அகலமும் 100 செ.மீ நீளமும் உள்ள காடாத் துணி எடுத்துக்கொள்ளவும். நீளத்தின் இரு முனைகளிலும் 4 செ.மீ உள்மடித்து ஓரம் தைக்கவும். நல்ல பக்கம் உள்ளே இருக்குமாறு துணியை இரண்டாக மடித்து, இரு பக்கங்களையும் ஓரத்திலிருந்து 1 செ.மீ தள்ளிப் பின் தையலால் இணைக்கவும். ஓட்டுத் தையல் எளிது, ஆனால் சுமை தாங்காது. கைப்பிடிக்கு 8 செ.மீ அகலமும் 50 செ.மீ நீளமும் உள்ள இரு பட்டைகளை வெட்டவும். ஒவ்வொன்றையும் நான்காக மடித்து 2 செ.மீ அகலப் பட்டையாகத் தைத்து, பையின் வாயில் சதுரமாகவும் நடுவே பெருக்கல் குறியாகவும் தைத்துப் பொருத்தவும். முடிவில் கிடைப்பது 43 செ.மீ அகலமும் 46 செ.மீ உயரமும் கொண்ட பை. அளவுகள் எப்படிக் குறைந்தன என்று மாணவர்களையே கணக்கிடச் சொன்னால், வார்தாவில் பேசப்பட்ட கல்வி அந்த ஒரு பாடவேளையில் நடந்துவிடும்.