விதியும் செல்வமும்: உதைபந்தாட்டக் கழகங்களின் செலவுக் கட்டுப்பாட்டு வரலாறு

விதியை வகுத்தல் ஒருநாட் செயல். அதனை நிலைநிறுத்தல் பல்லாண்டுப் பணி. 2017 ஆம் ஆண்டிலே இலங்கைப் பாராளுமன்றம் கடலடியை வாரியெடுக்கும் இழுவைமடித் தொழிலைத் தடைசெய்தது. 1990 இல் இடம்பெயர்ந்த மயிலிட்டி மக்களுக்கு அவர்தம் மீன்பிடித் துறைமுகம் மீண்டதும் அவ்வாண்டிலேயாம். எல்லை தாண்டி வந்து பிடிபட்ட இழுவைப் படகுகள் பின்னர் அத்துறைமுகத்திலே கொண்டுவந்து கட்டப்பட்டன. குற்றப்பணமாயின் அது செலவுக் கணக்கில் ஒரு வரியாக அடங்கிவிடும்; படகே போய்விடின் தொழிலே நின்றுவிடும். வலியோரைக் கட்டும் விதி எது, கட்டாத விதி எது என்பதற்கு இக்காட்சி ஒரு திறவுகோலாகும். இதே வினா உதைபந்தாட்ட உலகிலே ஒரு நூற்றாண்டுக்கு மேலாக எழுந்து வந்துள்ளது. செல்வம் மிக்க கழகங்களின் செலவை விதியால் அடக்குதல் இயலுமா?

இங்கிலாந்திலே ஊதியம் பெற்று ஆடுதல் 1885 இல் ஒப்புக்கொள்ளப்பட்டது. செல்வக் கழகங்கள் சிறந்த வீரரையெல்லாம் வாரிக்கொள்ளும் என்ற அச்சம் எழவே, வாரமொன்றுக்கு 4 பவுணே ஒரு வீரரின் உச்ச ஊதியம் என 1901 இல் வரையறுக்கப்பட்டது. விதி பிறந்தபோதே அதன் புறவாயிலும் பிறந்தது. 1904 இல் வெற்றிக்கிண்ணம் பெற்ற மஞ்செஸ்ரர் சிற்றி கழகம் வரையறைக்கு மேலாக மறைவிற் பணம் கொடுத்தமை 1906 இல் வெளியாயிற்று. பதினேழு வீரர் தடைசெய்யப்பட்டனர். அவருள் தலைசிறந்தவரான பில்லி மெரெடித் முதலியோர் அண்டைக் கழகமாகிய மஞ்செஸ்ரர் யுனைற்றெட்டிற் சேர்ந்தனர். 1908 இல் அக்கழகம் முதலிடம் பெற்றது.

இதனினும் கடுமையான தண்டனை லீட்ஸ் சிற்றி கழகத்துக்கு நேர்ந்தது. போர்க்காலத்தில் விதிக்கு மாறாக வீரர்க்குப் பணம் கொடுத்ததென்று குற்றஞ்சாட்டப்பட்ட அக்கழகம், தன் கணக்கேடுகளை ஒப்படைக்க மறுத்தது. 1919 ஒக்ரோபரில், அப்பருவத்தின் எட்டு ஆட்டங்களே முடிந்திருந்த நிலையில், அது போட்டித் தொடரினின்றும் நீக்கப்பட்டது. அதன் வீரர்கள் ஒரு விடுதியிலே ஏலமிடப்பட்டனர். இத்துணைக் கடுமையும் குற்றத்தை ஒழித்ததா எனின், இல்லை. 1957 இல் சண்டர்லாண்ட் கழகம் இதே குற்றத்துக்காக 5,000 பவுண் தண்டம் இறுத்தது.

காரணம் யாது? அரங்குகள் நிறைந்தன, நுழைவுப் பணம் பெருகிற்று, ஆடியவரின் கூலி மட்டும் கட்டுண்டு கிடந்தது. கட்டுண்டவரே நீதியென ஏற்காத விதியை இரு சாராரும் கூடி மறைவில் மீறினர். இறுதியில், ஜிம்மி ஹில் தலைமையில் வீரர் சங்கம் வேலைநிறுத்தம் செய்ய முனையவே, 1961 சனவரியில் அவ்வரையறை நீங்கிற்று. அப்போது உச்ச ஊதியம் 20 பவுண். சின்னாளில் புல்ஹாம் கழகத்து ஜொனி ஹேன்ஸ் வாரம் 100 பவுண் பெறலானார்.

வரையறை முழுவதும் வீணென்று கொள்ளலாகாது. துடுப்பாட்டத்திலே, 2008 இல் நடைபெற்ற முதல் இந்தியப் பிறீமியர் லீக் ஏலத்தில் ஒவ்வோர் அணிக்கும் 50 இலட்சம் டொலரே உச்சத் தொகையாயிற்று. சென்னை அணி அதிற் பத்தில் மூன்று பங்கை, அதாவது 15 இலட்சம் டொலரைத் தோனி ஒருவருக்கே கொடுத்தது. எஞ்சியதைக் கொண்டே ஏனையோரைத் தேட நேர்ந்தது. விலை பலரறியக் கூறப்பட்டமையாலும், அணிகள் யாவும் ஒரே அமைப்பின்கீழ் நின்றமையாலும் அவ்விதி பெரும்பாலும் செல்லுபடியாயிற்று. உதைபந்தாட்டத்திலோ கழகங்கள் பல நாடுகளிற் பரந்துள்ளன. ஒரு நாடு கட்டினால் வீரர் மறுநாடு செல்வர்.

ஆதலால் ஐரோப்பிய உதைபந்தாட்டச் சங்கம் 2009 இல் வேறொரு வழி கண்டது. ஊதியத்தை வரையறாது, வரவுக்குள் செலவு செய்க என்றது. 2014 இல் மஞ்செஸ்ரர் சிற்றிக்கும் பாரிஸ் கழகத்துக்கும் தலா 6 கோடி யூரோ தண்டம் விதித்து, அதில் 4 கோடியை நிறுத்திவைத்தது. எண்ணெய்ச் செல்வம் பின்னிற்கும் கழகங்களுக்கு இது தண்டமன்று; நுழைவுச் சீட்டின் விலையே. 2020 இல் மஞ்செஸ்ரர் சிற்றிக்கு ஈராண்டுத் தடை விதிக்கப்பட்டது. விளையாட்டு நடுவர் மன்றமோ, குற்றங்கள் நிறுவப்படவில்லை அல்லது காலங்கடந்தன எனக் கூறி, தடையை நீக்கி, 3 கோடி யூரோத் தண்டத்தை 1 கோடியாகக் குறைத்தது.

இதன் மறுபக்கத்தை இங்கிலாந்து காட்டிற்று. நட்ட வரம்பை மீறிய எவர்ரன் கழகம் 2023 நவம்பரில் 10 புள்ளிகளை இழந்தது. மேன்முறையீட்டின்பின் அது 6 ஆயிற்று. 2024 மார்ச்சில் நொற்றிங்காம் பொறெஸ்ற் 4 புள்ளிகளை இழந்தது. புள்ளி பணத்தால் மீளப் பெறலாகாத பொருள். அது போனபோதே கழகங்கள் உண்மையாக அஞ்சின. ஆயினும், 2023 பெப்ருவரியில் மஞ்செஸ்ரர் சிற்றிமேல் சுமத்தப்பட்டனவும் அக்கழகம் மறுத்தனவுமாகிய நூற்றுக்கு மேற்பட்ட குற்றச்சாட்டுகளின் விசாரணை 2024 செப்டெம்பரிலேதான் தொடங்கிற்று. நடுத்தரக் கழகத்துக்குச் சில திங்களில் தீர்ப்பு. பெருங்கழகத்துக்கு ஆண்டுகள் கடந்தே விசாரணை. 2025 இல் பிரித்தானியப் பாராளுமன்றம் சட்டமியற்றிச் சுதந்திரமான ஒழுங்காளரை ஏற்படுத்தியது, கழகங்கள் தம்மைத் தாமே அடக்கமாட்டா என்ற பட்டறிவினாலாம்.

இவ்வரலாறு உணர்த்துவன மூன்று. விதி, கட்டுண்டவரும் நீதியென ஒப்பத்தக்கதாக இருத்தல் வேண்டும். தண்டனை, பணத்தால் ஈடுசெய்ய இயலாததாக இருத்தல் வேண்டும். தீர்ப்பு, காலத்தாற் பிந்தாதிருத்தல் வேண்டும். இவற்றுள் ஒன்று குறையினும் விதி ஏட்டளவில் நின்றுவிடும். சிறுவள்ளம் எந்த விதிக்கும் அஞ்சும். பெரும்படகும் துறையிற் கட்டப்படும்போதே விதி மெய்யாகின்றது.