மனக்காட்சியும் புகைப்பழக்கமும்: ஒரு வரலாறு

1950ஆம் ஆண்டில் றிச்சாட் டோல், பிராட்போர்ட் ஹில் என்னும் அறிஞர் இருவர், லண்டன் வைத்தியசாலைகளில் இருந்த நோயாளரை விசாரித்துத் திரட்டிய முடிவுகளை வெளியிட்டனர். சுவாசப்பைப் புற்றுநோய்க்கும் சிகரெட்டுக்கும் உள்ள தொடர்பு அதனால் வெளிச்சத்துக்கு வந்தது. டோல் தாமும் புகைப்பவராக இருந்தவரே. ஆராய்ச்சி முடியுமுன்பே அப்பழக்கத்தை விட்டொழித்தார். பின்னர் 1962இல் லண்டன் றோயல் வைத்தியர் கல்லூரியும், 1964 ஜனவரியில் அமெரிக்க அரசின் தலைமை வைத்திய அதிகாரியும் விடுத்த அறிக்கைகள் பாமரரையும் எட்டின. புகைத்தல் கூடாது என்பது தெரிந்துவிட்டது. விடுவது எங்ஙனம் என்பதை மட்டும் எந்த அறிக்கையாலும் சொல்ல முடியவில்லை.

டோலைப் போல் உண்மையை அறிந்ததும் விட்டவர் சிலரே. மற்றவர்களுக்காக அக்காலத்தில் கையாளப்பட்ட வழிகளில் சில இன்று வாசிக்கும்போது சிரிப்பையும் இரக்கத்தையும் ஒருங்கே தருகின்றன. சூடான புகையை முகத்தில் ஊதும் யந்திரத்தின் முன் ஆளை இருத்தி, சிகரெட்டின்மேல் அருவருப்பு வருவிக்கப் பார்த்தார்கள். மின்னதிர்ச்சியும் கொடுத்துப் பார்த்தார்கள்.

யந்திரம் எதற்கு, மனமே போதாதா என்று கேட்டவர் பொஸ்டன் கல்லூரியைச் சேர்ந்த ஜோசப் கௌட்டெலா. அவருக்கு முன்னோடிகள் இருந்தனர். உடலின் தசைகளை ஒவ்வொன்றாகத் தளர்த்தி மனத்தை அமைதியாக்கும் பயிற்சியை எட்மண்ட் ஜேக்கப்சன் 1929இலேயே நூலாக எழுதியிருந்தார். தென்னாபிரிக்காவில் ஜோசப் வோல்ப்பே, அச்ச நோய் உள்ளவர்களை அவ்வாறு தளரச் செய்து, அவர்கள் அஞ்சும் பொருளைச் சிறிது சிறிதாகக் கற்பனையில் காணச்செய்து குணப்படுத்திய விபரங்களை 1958இல் வெளியிட்டார். வோல்ப்பே கற்பனையால் அச்சத்தைக் கரைத்தார். கௌட்டெலா அதே கற்பனையால் வெறுப்பை வளர்க்கலாம் என எண்ணினார்.

அவர் முறை இதுதான். கண்ணை மூடித் தளர்ந்திருப்பவரிடம் ஒரு காட்சி விவரிக்கப்படும். கை சிகரெட் பெட்டியை நோக்கிப் போகிறது, வயிறு குமட்டுகிறது. சிகரெட்டை எடுக்கிறார், உண்டது தொண்டை வரை வருகிறது. உதட்டில் வைக்கிறார்; வாந்தி பீறிட்டுக் கையையும் சிகரெட்டையும் மேசையையும் நனைக்கிறது. உடனே அதை எறிந்துவிட்டு வெளியே ஓடுகிறார். குளிர்ந்த காற்று முகத்தில் படுகிறது, உடல் தேறுகிறது. இக்காட்சியை வீட்டிலும் திரும்பத் திரும்பப் பயிலவேண்டும். நடப்பது யாவும் மனத்துக்குள்ளேயே என்பதால் இதற்கு மறைவான முறை என்ற பெயர் அமைந்தது. புகைப்பவர்களுக்கு இதைப் பயன்படுத்தியது பற்றி அவர் 1970இல் எழுதினார்.

அதே 1970இல் நியூயோர்க் மனோவைத்தியர் ஹேர்பேட் ஸ்பீகல் முற்றிலும் வேறான ஒரு வழியை வெளியிட்டார். அருவருப்பைத் தூண்டாத வழி இது. முக்கால் மணி நேரம், ஒரே ஒரு சந்திப்பு. கண்மணிகளை மேலே உயர்த்தி, இமைகளை மூடி, ஆழ்ந்து மூச்செடுத்து, உடல் மிதப்பதாகப் பாவிக்கச் சொல்வார். அந்நிலையில் மூன்று எண்ணங்கள் சொல்லப்படும்: புகை உடலுக்கு நஞ்சு, வாழ்வதற்கு இவ்வுடல் வேண்டும், ஆதலால் இதை மதித்துக் காக்கும் கடமை உமக்குண்டு. அதன்பின் ஆள் தானாகவே நாளுக்குப் பலமுறை, அரை நிமிடங்கூட எடுக்காத இப்பயிற்சியைச் செய்யவேண்டும். உடலை நம்மையே நம்பியிருக்கும் குழந்தைபோல் பார் என்பது இதன் உட்பொருள். கௌட்டெலாவின் வாந்தியைவிட இது மேலானது என்பது என் எண்ணம். பகைமையால் விடுவதிலும் பரிவினால் விடுவது மனிதனுக்கு அழகு.

இதைக் கேட்டதும் நம்மவரில் சிலர், இது நம் தியானந்தானே, மேல்நாட்டார் எடுத்துக்கொண்டார்கள் என்பர். அப்படிச் சொல்லிப் பெருமைப்படுவதில் பயனில்லை. தியானத்தின் நோக்கம் வேறு. இது சட்டைப்பையில் இருக்கும் பெட்டியைப் பற்றியது.

பலன் எவ்வளவு? ஸ்பீகலிடம் வந்த 615 பேரில் ஏறக்குறைய நூற்றுக்கு இருபது பேரே ஆறு மாதத்தின் பின்னும் புகைக்காமல் இருந்தனர். அவருடைய மகன் டேவிட் ஸ்பீகலும் சேர்ந்து 1993இல் வெளியிட்ட ஆய்வில், 226 பேரில் பாதிக்குச் சற்று மேற்பட்டோர் முதல் வாரம் முழுவதும் விட்டிருந்தனர். இரண்டு ஆண்டுகளின் பின் எஞ்சியவர் நூற்றுக்கு 23 பேர். கிறிஸ்டீன் வின்ட் என்ற தாதியியல் ஆராய்ச்சியாளர் 71 பேரை இரு பிரிவாக்கி நடத்திய ஆய்வு 2005இல் வந்தது. அதில் மனக்காட்சிப் பயிற்சி பெற்றவருள் இரண்டு ஆண்டு விட்டிருந்தவர் நூற்றுக்கு 26, பெறாதவருள் 12. ஆனால் ஆழ்துயில் முறை பற்றிய 14 ஆய்வுகளை ஒன்றாக வைத்துச் சீர்தூக்கிய கொக்ரேன் குழுவினர், அது மற்ற உதவிகளிலும் மேலானது என்று சொல்லப் போதிய சான்றில்லை என 2019இல் முடிவு கூறினர். ஆதலின் வைத்தியர் தரும் நிக்கொட்டின் பசை, மாத்திரை முதலியவற்றைத் தள்ளிவிட்டு இதை மட்டுமே நம்புதல் தகாது.

இந்த எண்களை நம் வீட்டுப் பெண்களும் பெரியவர்களும் சற்று நின்று பார்க்கவேண்டும். கடுங்குளிரில் இரவு வேலை முடித்து வந்த பிள்ளை விட்ட சிகரெட்டை மறுபடி பற்றவைத்தால், மனவுறுதியற்றவன் என்று ஏசுகிறோம். தேர்ந்த வைத்தியரின் உதவியோடு விட்டவர்களிலும் பெரும்பாலோர் ஒருமுறையேனும் திரும்பிப் போயிருக்கிறார்கள்.

ஏன் திரும்புகிறார்கள் என்பதற்கு டேவிட் கவனா, ஜாக்கி அன்ட்றேட், ஜோன் மே ஆகியோர் 2005இல் ஒரு விளக்கம் தந்தனர். புகைக்கும் ஏக்கமே ஒரு மனக்காட்சிதான் என்கின்றனர். தேநீர்க் கோப்பையைக் கண்டதும் ஓர் எண்ணம் தலைகாட்டுகிறது. மனம் அதைப் பிடித்துத் தீக்குச்சி, முதல் இழுப்பு, நெஞ்சிலே படரும் சூடு என்று சித்திரமாக விரிக்கிறது. அச்சித்திரம் தீட்டும் பலகையோ மிகச் சிறியது. வேறொரு காட்சியை அதில் முழுக் கவனத்துடன் வரைந்தால் சிகரெட்டுக்கு இடம் குறைகிறது. மனக்காட்சி எப்படி உதவக்கூடும் என்பதற்கு, கௌட்டெலாவுக்கு முப்பத்தைந்து ஆண்டு கழித்துக் கிடைத்த காரணம் இது.

இன்னொரு காட்சியும் உண்டு. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் அலன் மார்லட் கற்பித்தது: ஏக்கத்தைக் கடலலையாகக் காண்பது. அலை எழும், உயரும், தானாகவே தாழும். அதை எதிர்க்காமல் அதன்மேல் மிதந்திருக்கவேண்டும். அவரும் சேரா போவனும் 123 மாணவர்களிடம் இதைச் சோதித்து 2009இல் வெளியிட்டனர். பயின்றவர்க்கும் பயிலாதவர்க்கும் ஏக்கத்தில் வேறுபாடு காணப்படவில்லை. ஆயினும் அடுத்த ஏழு நாட்களில், அலையைப் பயின்றவர்கள் புகைத்த சிகரெட்டுகள் மற்றவர்களுடையவற்றிலும் குறைவு.