திருவதிகை டூ சிதம்பரம்: எந்த மாதம் போனால் என்ன சாப்பிடலாம்?

திருவதிகைக்கு கோயில் பார்க்க வருபவர்களில் பலர் செல்போனில் 'பக்கத்தில் நல்ல ஹோட்டல்' என்று தேடி, ஸ்டார் எத்தனை என்று பார்த்து, மெயின் ரோட்டில் சாப்பிட்டுவிட்டு கிளம்பிவிடுகிறார்கள். எல்லா ஊரிலும் கிடைக்கும் அதே பரோட்டா, அதே ஃப்ரைடு ரைஸ். கடலூர் மாவட்டத்தில் மனதில் நிற்கும் சாப்பாடு அந்த லிஸ்ட்டில் வராது. எந்த மாதம் வருகிறீர்கள், எந்த ரோட்டில் போகிறீர்கள் என்பதுதான் இங்கே முக்கியம்.

வயிற்று வலி தீர்ந்த ஊர்

பண்ருட்டியை ஒட்டி, கெடிலம் ஆற்றங்கரையில் இருக்கிறது திருவதிகை வீரட்டானேஸ்வரர் கோயில். சூலை நோயால், அதாவது தீராத வயிற்று வலியால் துடித்த திருநாவுக்கரசர், அக்கா திலகவதியாரைத் தேடி இங்கே வந்து, பதிகம் பாடி குணமானார் என்கிறது பெரிய புராணம். அந்த ஊரில் நின்றுகொண்டு 'வயிற்றுக்கு என்ன கிடைக்கும்?' என்று கேட்பதில் தப்பில்லை. மதியம் நடை சாத்திவிடுவார்கள் என்பதால் காலையிலேயே தரிசனத்தை முடித்துக்கொள்வது நல்லது.

பலாவும் முந்திரியும்

சித்திரை முதல் ஆடி வரை வந்தால் பண்ருட்டி சாலையோரம் முழுக்க பலாப்பழம்தான். முழுப் பழம் வாங்கினால், "இன்னைக்கே சாப்பிடவா, ரெண்டு நாள் போகட்டுமா?" என்று வியாபாரி கேட்பார். அதற்கேற்ற பழத்தைத் தட்டிப் பார்த்து எடுத்துக் கொடுப்பார். வீட்டில் அறுக்கும் முன் கையிலும் கத்தியிலும் எண்ணெய் தடவ மறந்தால், பால் ஒட்டிக்கொண்டு லேசில் போகாது.

முந்திரி வருஷம் முழுக்க கிடைக்கும். முந்திரிக்கொட்டை ஓட்டில் உள்ள எண்ணெய் தோலைப் புண்ணாக்கிவிடும். உடைக்கும் பெண்களின் கைகளைப் பார்த்தால் விலை ஏன் அப்படி என்று புரியும். பாயசத்துக்கும் குருமாவுக்கும் உடைந்த பருப்பே போதும், விலையும் குறைவு.

இந்த மரங்களுக்கு ஒரு பெரிய அடி விழுந்தது. 2011 டிசம்பர் 30-ல் கரையைக் கடந்த 'தானே' புயல், பல தலைமுறை கண்ட பலா மரங்களையும் முந்திரித் தோப்புகளையும் வேரோடு சாய்த்தது. புதுக் கன்று வைத்து, அது காய்க்கும் வரை விவசாயிகள் ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருந்தது. சாலையோரத்தில் விவசாயியே விற்கும் பழமாக இருந்தால், ரொம்ப பேரம் பேச வேண்டாமே.

பசித்தவர்களுக்கு வடலூர்

பண்ருட்டியில் இருந்து கும்பகோணம் சாலையில் போனால் வடலூர். 1867-ல் வள்ளலார் தொடங்கிய சத்திய தருமச்சாலையில், அன்று மூட்டிய அடுப்பு இன்னும் அணையவில்லை. சாதி, மதம் பார்க்காமல் யாருக்கும் இலவசமாக சைவச் சாப்பாடு. இலையில் விழுவது எளிமையான சோறும் குழம்பும்தான். ஆனால் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் யாராகவும் இருக்கலாம் என்பது எந்த ஹோட்டலிலும் கிடைக்காத விஷயம்.

சிதம்பரத்தில் கொத்சு

நடராஜர் கோயில் பிரசாதம் என்றால் சம்பா சாதமும் கத்திரிக்காய் கொத்சுவும். மிளகு, சீரகம் பொடித்து, நெய் விட்டுக் கிளறிய சாதம். கூடவே சின்ன கத்திரிக்காயைப் புளியில் வேகவிட்டு, வறுத்து அரைத்த மல்லி, மிளகாய் சேர்த்த கொத்சு. ஊர் ஹோட்டல்களில் இதே கொத்சு இட்லிக்குத் துணையாக வருகிறது. கேட்காவிட்டால் சாம்பாரை ஊற்றிவிட்டுப் போய்விடுவார்கள். அதனால் உட்கார்ந்ததுமே "கொத்சு இருக்கா?" என்று கேட்டுவிடுங்க.

ஐப்பசி, கார்த்திகை மழையில் வருபவர்கள் பலாவை மறந்துவிட்டு நேராக இங்கே வரலாம். கொத்சுவுக்கு சீசன் கிடையாது.