காற்றைப் படிக்கத் தெரியாத பிள்ளைகள்

நம் தெருப் பிள்ளைகள் செல்போனில் பார்க்கும் ஜப்பானிய அனிமேஷன் தொடர்களில் ஒரு வகைப் பாத்திரம் அடிக்கடி வரும். ‘டெத் நோட்’ தொடரின் எல் அப்படி ஒருவன். நாற்காலியில் குந்தி உட்காருவான், யாரோடும் ஒட்டமாட்டான், இனிப்புதான் சாப்பாடு, மூளையோ அபாரம். ஆட்டிசம் உள்ள ரசிகர்கள் பலர் அவனைத் தங்களில் ஒருவனாகப் பார்க்கிறார்கள். கதை மட்டும் அந்தச் சொல்லை உச்சரிப்பதில்லை. பெயரைச் சொல்லியே பேசியது கெய்கோ தோபே வரைந்த ‘ஹிகாரி தோ தொமோனி’ என்ற படக்கதை. மகனுக்கு ஆட்டிசம் என்று அறியும் தாய்மேல் ‘வளர்ப்பு சரியில்லை’ என்ற பழி விழுகிறது. 2004இல் அது தொலைக்காட்சித் தொடரானது. 2010இல் தோபே இறந்தபோது கதை முடிந்திருக்கவில்லை.

ஆட்டிசத்துக்கு ஜப்பானிய மொழியில் ‘ஜிஹெய்ஷோ’ என்று பெயர். தன்னைத் தானே மூடிக்கொள்ளும் நோய் என்று பொருள். நம் அரசு ஆவணங்களில் ‘புற உலகச் சிந்தனையற்றோர்’. இரண்டு பெயரும் பிள்ளைதான் கதவைச் சாத்திக்கொண்டது என்கின்றன. அங்கே ‘காற்றைப் படிப்பது’ என்றொரு வழக்கும் உண்டு: யாரும் வாய்விட்டுச் சொல்லாததை உணர்ந்து அதன்படி நடப்பது. அது வராத பிள்ளைக்கு அங்கே பாடுதான்.

நம் சினிமாவுக்கு வருவோம். 1977இல் வந்த ‘16 வயதினிலே’யில் கமல்ஹாசனின் பாத்திரத்தை ஊரே சப்பாணி என்கிறது. அவனுக்குக் கோபாலகிருஷ்ணன் என்று பெயர் இருப்பது யாருக்கும் பொருட்டில்லை. சப்பாணி என்பவனை அறையச் சொல்லித் தருகிறாள் மயில். பெயர் இருந்தும் பட்டப்பெயரில், ‘டேய்’ என்று சின்னப் பையன்களிடமும் விளி வாங்கிய தாத்தாக்களின் பேரப்பிள்ளைகள் நாம். அந்த அறை நமக்கு விளங்கும்.

1986இல் கே. விஸ்வநாத்தின் ‘ஸ்வாதி முத்யம்’ தெலுங்கில் வந்தது, தமிழில் ‘சிப்பிக்குள் முத்து’. நாயகனின் வெள்ளந்தித்தனம் அங்கே தெய்வாம்சம். கோயிலில் ஒரு கைம்பெண்ணுக்குத் தாலி கட்டுகிறான், படம் அவனை வணங்குகிறது. 2003இல் பாலாவின் ‘பிதாமகன்’ வந்தது. சித்தன் சுடுகாட்டில் பிறந்து வெட்டியானிடம் வளர்கிறான். பேச்சு வராது, மனிதரோடு பழகத் தெரியாது, உறுமுகிறான், கடைசியில் கொல்கிறான். விக்ரமுக்குத் தேசிய விருது கிடைத்தது. நடிப்பில் குறை சொல்ல ஒன்றுமில்லை. இரண்டு படமும் ஆட்டிசம் என்று சொல்லவில்லை. ஆனால் உலகத்தோடு ஒட்டாத ஒருவன் கோயிலுக்குள் உரிமையோடு நுழையும் வீட்டில் பிறந்தால் முத்து, சுடுகாட்டில் பிறந்தால் மிருகம் என்று நமக்குக் காட்டிவிட்டன. 2013இல் ‘ஹரிதாஸ்’ ஆட்டிசத்தைப் பெயர் சொல்லிப் பேசியது. அந்தப் பிள்ளைக்கு வாய்த்த அப்பா காவல்துறை அதிகாரி.

சட்டமும் மெதுவாகத்தான் வந்தது. 1995ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் ஆட்டிசம் இல்லை. 1999இல் தேசிய அறக்கட்டளைச் சட்டம் அதைச் சேர்த்தது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அதற்குத் தனிக் கட்டம் இல்லை. 2016 சட்டத்தின் 21 வகைகளில்தான் இடம் கிடைத்தது. அதுவரை நம் சேரிப் பிள்ளைக்குக் கிடைத்தது ‘மனவளர்ச்சி குன்றியவர்’ அட்டை, அதுவும் இல்லையென்றால் ‘லூசு’.

மதுரையைச் சுற்றியுள்ள கிராமங்களில் படிக்க வேண்டியது காற்றை அல்ல, ஊரை. எந்தத் தெருவில் செருப்பைக் கழற்றுவது, யார் வீட்டுத் திண்ணையில் உட்காரக் கூடாது என்பதெல்லாம் எழுதி வைக்கப்பட்டதில்லை. நம் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகும் முன்பே கற்றுக்கொள்கிறார்கள். உத்தப்புரத்தில் அது கண்ணுக்குத் தெரியும் சுவராகவே நின்றது; 2008 மே 6 அன்று அதன் ஒரு பகுதி இடிக்கப்பட்டது. மற்ற ஊர்களில் இடிப்பதற்குச் சுவர்கூட இல்லை. ஆட்டிசம் உள்ள பிள்ளைக்கு இந்த எல்லை புரியாது. ஓடுவான், பிடித்த தண்ணீர்த்தொட்டியைத் தேடிப் போவான். அடி விழும் என்று பயந்து வேலைக்குப் போகும் தாய் சேலையால் நிலைக்கதவில் கட்டிவிட்டுப் போகிறாள். வெளியிலிருந்து வருபவர்கள் இதை அறியாமை என்றும் பேய் நம்பிக்கை என்றும் எழுதுகிறார்கள். பேய் நம்பிக்கை இருக்கிறது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அந்த முடிச்சைப் போட்டது ஊர் பற்றிய பயம்.

ஓடாமல் ஒடுங்கியிருக்கும் பிள்ளையை யாரும் கவனிப்பதே இல்லை. தலை நிமிராத, வாய் திறக்காத சேரிப் பையன் ஊருக்கு நல்ல பையன். ஆட்டிசத்தை அளவிட 2009இல் வெளியான இந்திய அளவுகோலில் 40 கேள்விகள் உண்டு. கண் பார்த்துப் பேசுகிறானா என்பது அவற்றில் ஒன்று. சட்டைபோட்ட பெரியவர் முன்னால் குனிந்தே நிற்க வேண்டும் என்று வளர்க்கப்பட்ட பிள்ளையிடம் இதைக் கேட்டால் என்ன தெரியும்? ஆட்டிசம் இல்லாதவனும் குனிகிறான், இருப்பவனும் ‘கூச்சம்’ என்று திருப்பி அனுப்பப்படுகிறான்.

அதனால் பரிசோதனைக்குப் போகும் தாய்மாரிடம் நாங்கள் ஒன்று சொல்லி அனுப்புகிறோம்: டாக்டர் முன்னால் பிள்ளை எப்படி நிற்கிறான் என்பதோடு விடாதீர்கள். வீட்டில் உங்கள் முகத்தைப் பார்க்கிறானா, கூடப் பிறந்தவளோடு விளையாடுகிறானா, பெயரைச் சொன்னால் திரும்புகிறானா என்பதை அவர் கேட்காவிட்டாலும் நீங்களாகச் சொல்லுங்கள். அதை எழுதிக்கொள்ளும்வரை எழுந்து வராதீர்கள்.