யூ.எஸ்.பி வடப் பழுதும் மின்னெழுச்சியும்

யூ.எஸ்.பி வடப் பழுது, மின்னெழுச்சி ஆகியன செல்பேசி, மடிக்கணினி முதலிய மின்னணுக் கருவிகளைப் பழுதாக்கும் இரு வேறு காரணங்களாகும். முன்னது மின்னேற்றிக்கும் கருவிக்கும் இடையே நிகழ்வது. பின்னது 230 வோல்ட் வீட்டு மின்வழியில் வருவது. இரண்டுக்குமான காப்பு முறைகளும் வேறானவை.

மின்வழியில்

தேனி மாவட்டத்தின் கம்பம் பள்ளத்தாக்கு இதற்கு நல்ல எடுத்துக்காட்டாகும். லோயர் கேம்பில் பெரியாறு நீர்மின் நிலையம் இருப்பதனால் இங்குள்ள வீடுகளில் மின்னழுத்தம் உயர்வதில்லை. அம்மின்சாரம் உயரழுத்தக் கம்பிகளில் சென்று, துணை மின்நிலையங்கள் வழியாகவே வீடுகளை அடைகிறது. இடர் தருபவை இடியும் காற்றும் ஆகும். மின்னல் கம்பியைத் தாக்கினாலோ அருகில் விழுந்தாலோ மைக்ரோநொடி அளவில் பல ஆயிரம் வோல்ட் எழக்கூடும். இதுவே சரியான பொருளில் மின்னெழுச்சி.

தென்மேற்குப் பருவக்காற்று வீசும் ஆனி, ஆடி மாதங்களில் தென்னை மட்டை விழுந்து நியூட்ரல் கம்பி அறுபடுவது வேறு வகை. அப்போது இரு வேறு ஃபேஸ்களில் உள்ள வீடுகள் தொடராக இணைந்து, ஏறத்தாழ 400 வோல்ட்டைப் பங்கிட்டுக்கொள்கின்றன. ஒரு வீட்டில் 1000 வாட் சுமையும் மற்றதில் 100 வாட் சுமையும் இருப்பின், குறைந்த சுமையுள்ள வீட்டிற்கே சுமார் 360 வோல்ட் செல்லும். விளக்கும் செல்பேசியும் மட்டும் இயங்கும் வீடே அதிகம் பாதிக்கப்படுவது இதனால்தான். பெரும்பாலான மின்னேற்றிகள் 100 முதல் 240 வோல்ட் வரைக்கே வடிவமைக்கப்பட்டவை.

வடத்தில்

வடம் தானாக மின்னழுத்தத்தை உயர்த்தாது. மெல்லிய கம்பி அதைக் குறைக்கவே செய்யும்: 0.4 ஓம் தடையுள்ள வடத்தில் 2 ஆம்பியர் பாய்ந்தால், 5 வோல்ட் 4.2 ஆகக் குறைகிறது. மின்னேற்றம் மெதுவாகும், வடம் சூடேறும், அவ்வளவே.

தவறான இணைப்பே ஆபத்தானது. 2016 பிப்ரவரியில் கூகுள் பொறியாளர் பென்சன் லியுங் சோதித்த டைப்-சி வடமொன்றில் மின்கம்பியும் தரைக்கம்பியும் இடம் மாறியிருந்தன. அது அவருடைய மடிக்கணினியையும் சோதனைக் கருவிகளையும் பழுதாக்கியது. அவ்வடத்தில் 56 கிலோ ஓம் மின்தடையத்திற்குப் பதிலாக 10 கிலோ ஓம் பொருத்தப்பட்டிருந்தது. அத்தகைய வடம், 3 ஆம்பியர் கிடைக்கும் எனச் செல்பேசிக்குத் தவறாக அறிவிக்கும். அப்போது கெடுவது செல்பேசியைவிட, மின்சாரம் வழங்கும் கணினியின் துளையாகவே இருக்கலாம். தரத்திற்கு ஒவ்வாத வடங்களின் விற்பனையை அமேசான் 2016 மார்ச்சில் தடை செய்தது.

டைப்-சி செருகியின் முனைகளுக்கு இடைத்தொலைவு 0.5 மில்லிமீட்டர் மட்டுமே. 20 வோல்ட் வரை தரும் விரைவு மின்னேற்றிகளில், வளைந்த செருகியோ ஈரத் தூசியோ அவ்வழுத்தத்தை அருகிலுள்ள குறிப்பு முனைக்குக் கடத்திவிடலாம்.

காப்பு

எழுச்சிக் காப்பான்களில் உள்ள வேரிஸ்டர் நொடிப்பொழுது எழுச்சியை ஏற்கும். நியூட்ரல் அறுந்து நீடிக்கும் மிகை அழுத்தத்தில் அதுவே எரிந்துவிடும். அதற்கு மிகை அழுத்தத்தில் இணைப்பைத் துண்டிக்கும் கருவி தேவை. விளக்குகள் திடீரென அளவுக்கு மீறி ஒளிர்ந்தால் உடனே முதன்மை இணைப்பை நிறுத்த வேண்டும். இடி மின்னலின்போது மின்னேற்றியைச் செருகியிலிருந்து கழற்றிவிடுவதே நம்பகமானது. சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. மலிவான மின்னேற்றிகள் சிலவற்றில் 230 வோல்ட் பகுதிக்கும் 5 வோல்ட் பகுதிக்கும் போதிய காப்பிடைவெளி இருப்பதில்லை. இவை கருவியை மட்டுமன்றி, அதைக் கையில் வைத்திருப்பவரையும் தாக்கக்கூடும்.