வேர்ப்புழு ஈர்ப்பான்கள்

வேரைத் தின்னும் பூச்சிகளை வாயு, மணம், சுவை ஆகியவற்றால் இழுத்துப் பயிரிடமிருந்து விலக்கவோ கொல்லவோ உதவும் பொருள்கள். இலையிலுள்ள புழுவைக் கண்டு மருந்தடிக்கலாம். மண்ணுக்குள் இருப்பதைத் தேடிப் போக முடியாது. நிலம் முழுவதும் நஞ்சிடுவதை விட்டு, புழுவை நஞ்சிடம் வரவழைப்பதே இம்முறை.

இதன் எளிய வடிவம் தோட்டக்காரர்களுடையது. உருளைக்கிழங்குத் துண்டைக் குச்சியில் செருகிப் புதைத்து, சில நாள் கழித்துக் கம்பிப்புழு என்னும் வேர்தின்னிகளோடு பிடுங்கி எறிவார்கள். இரண்டாம் உலகப்போரின்போது பிரிட்டனில் புல்வெளிகளை உழுது பயிரிட்டதும் இப்புழு பெருந்தொல்லையானது. தோர்ப் குழுவினர் 1947இல் வெளியிட்ட ஆய்வு, அஸ்பராஜின் போன்ற பொருள்கள் அதை ஈர்ப்பதைக் காட்டியது.

பிற்கால ஆய்வுகளில் பெரும்பகுதி மக்காச்சோள வேர்ப்புழுவைச் சுற்றியே நடந்தது. வட அமெரிக்காவைச் சேர்ந்த இப்பூச்சி 1992இல் பெல்கிரேடு அருகே கண்டறியப்பட்டு, ஐரோப்பாவிலும் பரவியது. முட்டையிலிருந்து வந்த புழு விரைவில் வேரை எட்டாவிட்டால் பட்டினியால் சாகும். வேர் விடும் கார்பன் டை ஆக்சைடை நோக்கி அது நகர்வது 1986இல் தெரிந்தது. கொலராடோ ஆய்வாளர்களான பெர்ன்க்லாவும் பியோஸ்டாடும் 1998இல் ஒருபடி மேலே சென்றனர்: தொலைவிலிருந்து புழுவை இழுக்கும் ஆவி அது ஒன்றே என்றனர். மலிவான வாயு என்பதால் வேலை முடிந்துவிட்டதுபோல் தோன்றலாம். ஆனால் மட்கும் சருகும் நுண்ணுயிரும் அதே வாயுவை விடுகின்றன. மண் முழுவதுமே அந்தப் புழுவை அழைத்துக்கொண்டிருக்கிறது. ஆகவே முட்டை பொரியும் வாரங்கள் முழுக்க ஓயாமல் வாயு விடும் பொருள் தேவைப்பட்டது.

ஜெர்மனியில் கோட்டிங்கன், பீலஃபெல்டு ஆய்வாளர்கள் அதற்கு ரொட்டிக்கடை ஈஸ்ட்டையே பிடித்தார்கள். கடற்பாசியிலிருந்து எடுக்கும் ஆல்ஜினேட் மணிகளுக்குள் ஈஸ்ட்டை அடைத்தால் அது நெடுநாள் வாயு விடும். உருளைக்கிழங்கு வயலுக்கான மணிகளில் மெட்டாரைசியம் என்னும் பூசணத்தையும் சேர்த்தனர். தேடி வரும் கம்பிப்புழு நோயுற்றுச் சாகும். பலன் வயலுக்கு வயல் மாறுவது இதன் குறை.

இந்தியாவில் தூண்டில் புழுவுக்கன்று, தாய் வண்டுக்கு. ராஜஸ்தான் நிலக்கடலையைக் கெடுக்கும் வெள்ளைப்புழுவின் வண்டுகள் முதல் மழைக்குப் பின் அந்தியில் வேம்பு முதலிய மரங்களில் கூடும். அவற்றைக் கூட்டும் பெண் வண்டின் மணம் மெத்தாக்ஸிபென்சீன் என்று 1996இல் வெளியானது. வண்டுகளை ஒரே மரத்தில் திரட்டி முட்டையிடும் முன் அழிக்க இது வழிசெய்தது.

ஈர்ப்பைப் பயிரிடமே விட்டுவிடும் முயற்சிதான் மிகத் துணிச்சலானது. கடிபட்ட மக்காச்சோள வேர் காரியோஃபிலீன் என்னும் மணத்தை விட்டு, புழுவைக் கொல்லும் நூற்புழுக்களை அழைப்பதை 2005இல் ராஸ்மன் குழுவினர் அறிவித்தனர். வட அமெரிக்க ரகங்கள் இத்திறனை இழந்திருந்தன. ஆரிகனோச் செடியின் மரபணுவால் அதை மீட்டபோது, வயலில் வெளிப்பட்ட வண்டுகள் 60 சதவீதம் குறைந்ததாக 2009 ஆய்வு கூறியது. ஆனால் கடிபடாதபோதும் மணத்தைப் பரப்பிய அச்செடிகளில் முளைப்பும் விளைச்சலும் குறைந்ததையும், மண்ணுக்கு மேலுள்ள பூச்சிகளையும் அவை இழுத்ததையும் 2013இல் மற்றொரு வயலாய்வு காட்டியது.